பாம்பே வகை முதல் ஆர்எச் நல் வரை: சிவப்பணுச் சவ்வில் எது இல்லை, எது கெடுகிறது

பாம்பே ரத்த வகைக்காரரின் சிவப்பணு மற்றவர்களுடையதிலிருந்து எதில் வேறுபடுகிறது, அது ஒரு நோயா, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லப்படும் ஓ ரத்தம்கூட அவருக்கு ஏன் சேர்வதில்லை, ஆர்எச் நல், மெக்லியோடு போன்ற மற்ற அரிய வகைகளும் இப்படித்தானா என்பது கேள்வி.

பாம்பே வகையில் இல்லாதது ஒரு சர்க்கரை. அது இல்லாததால் அணுவுக்கு எந்தக் கெடுதலும் கிடையாது. அதன் வடிவம், ஆயுள், ஆக்சிஜன் சுமக்கும் திறன் எல்லாம் மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருக்கும். ஆபத்து முழுவதும் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவப் பகுதியில், அந்நிய அணுவைத் தாக்கக் காத்திருக்கும் எதிர்ப்பொருளில்தான். ஆர்எச் நல்லில் இல்லாதது சவ்வுக்கும் அதன் உட்சட்டகத்துக்கும் நடுவே பிடிப்பாக நிற்கும் புரதக் கூட்டம். அங்கே அணுவே பழுதாகிறது. ‘அரிய ரத்த வகை’ என்ற ஒரே பெயரில் இரண்டையும் போட்டுப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் சவ்வைப் பார்க்கலாம். சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. மண்ணீரலில் தன் அளவைவிடப் பல மடங்கு குறுகிய இடுக்குகள் வழியாக நெளிந்து வெளியே வந்தாக வேண்டும். இதற்குச் சவ்வு மெல்லியதாகவும் கிழியாததாகவும் இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் இரட்டைக் கொழுப்புப் படலம், அதற்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற நீளப் புரதம் அறுகோணக் கண்களாகப் பின்னிய வலை. இரண்டும் பிரிந்துவிடாமல் இருவகை முடிச்சுகள் பிடித்திருக்கின்றன. ஒன்றில் பேண்ட் 3, ஆங்கிரின், புரதம் 4.2, ஆர்எச் புரதங்கள் சேர்ந்திருக்கும். மற்றொன்றில் புரதம் 4.1, ஆக்டின், கிளைக்கோஃபோரின் சி ஆகியவற்றோடு கெல், எக்ஸ்கே என்ற புரதங்களும் இருக்கும். இந்த இரு முடிச்சுகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதில் புரியும்.

கொழுப்பிலிருந்தும் புரதங்களிலிருந்தும் வெளிநோக்கி நீளும் சர்க்கரைச் சங்கிலிகளில்தான் ஏ, பி, ஓ வகைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் அணுவில் சுமார் 10 லட்சம் பேண்ட் 3 மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கிளைத்த ஒரு நீளச் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. குளுக்கோஸைக் கடத்தும் குளூட்1 புரதத்திலும் கொழுப்புகளிலும்கூட இதே சங்கிலிகள் உண்டு. சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ். அதன்மேல் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஆல்பா 1,2 பிணைப்பால் ஒட்ட வைத்தால் கிடைப்பது எச் ஆன்டிஜென், அதாவது எதிர்ப்பொருள் அடையாளம் கண்டு பிடிக்கும் குறி. ஒட்ட வைக்கும் நொதியைத் தருவது 19ஆம் குரோமோசோமிலுள்ள எஃப்யூடி1 மரபணு.

எச் உருவான பிறகே அடுத்த வேலை தொடங்குகிறது. ஏ மரபணுவின் நொதி எச்சின் மீது என்-அசிட்டைல் கேலக்டோசமீனை ஒட்டுகிறது. பி மரபணுவின் நொதி கேலக்டோஸை ஒட்டுகிறது. இந்த இரு நொதிகளுக்கும் இடையே 176, 235, 266, 268 ஆகிய நான்கு இடங்களில்தான் அமினோ அமிலம் மாறுகிறது. ஓ வகையின் பொதுவான வடிவத்தில் மரபணுவின் 261ஆம் இடத்தில் ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டு, நொதி பாதியிலேயே அறுந்து செயலற்றுப் போகிறது. அதனால் ஓ வகைக்காரரின் அணுவில் எச் அப்படியே மிஞ்சி நிற்கிறது. ‘ஓ என்றால் ஒன்றுமில்லை’ என்று பாடம் சொல்லிக்கொடுப்பது இங்கேதான் தவறாகப் போகிறது. ஓ அணு எச் நிறைந்த அணு. ஏ வகையின் உட்பிரிவுகளான ஏ1, ஏ2 இரண்டையும் சேர்த்து எச் அளவை இறங்கு வரிசையில் அடுக்கினால் ஓ, ஏ2, பி, ஏ2பி, ஏ1, ஏ1பி என்று வரும்.

பாம்பே வகையில் எஃப்யூடி1 செயலிழந்திருக்கிறது. இந்தியர்களிடம் காணப்படும் மூல வடிவத்தில் அந்த மரபணுவின் 725ஆம் டிஎன்ஏ எழுத்தான டி, ஜி ஆக மாறுகிறது; நொதியின் 242ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்கிறது. நீரை விலக்கும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மின்னூட்டம் கொண்ட ஒன்று. நொதி வேலை செய்வதில்லை. அதன் பக்கத்திலேயே இருக்கும் எஃப்யூடி2 மரபணு முழுவதுமாக அழிந்திருக்கிறது. எஃப்யூடி2 எச்சில் போன்ற சுரப்புகளில் எச்சை உண்டாக்குவது. ஆகவே இவர்களின் அணுவிலும் எச் இல்லை, எச்சிலிலும் இல்லை. அணு தன் சர்க்கரைச் சங்கிலிகளைச் சரியாகவே கட்டுகிறது. நுனியில் ஒரு ஃபியூகோஸ் மட்டும் குறைகிறது. அவரிடம் நல்ல நிலையில் ஏ மரபணுவோ பி மரபணுவோ இருந்தாலும் அதன் நொதிக்கு ஒட்டுவதற்கு இடம் கிடைப்பதில்லை.

1952-ல் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர் லண்டனைச் சேர்ந்த சேங்கர், ரேஸ், மார்கன், வாட்கின்ஸ் ஆகியோரோடு சேர்ந்து மும்பையில் கண்டதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர், ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் இது மும்பைக்கு மட்டும் உரியதல்ல. ரீயூனியன் தீவின் இந்திய வம்சாவளியினரிடமும் இதே 242ஆம் இட மாற்றமும் இதே எஃப்யூடி2 அழிவும் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களில் பெரும்பகுதியினர் தமிழ் நிலத்திலிருந்து போனவர்கள்.

ஃபியூகோஸ் இல்லாமலே அணு நலமாக இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று, ஃபியூகோஸே கிடைக்காத வேறொரு நோய்தான். ஃபியூகோஸைக் கோல்கி உறுப்புக்குள் கொண்டுபோகும் கடத்தி கெட்டுவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பாம்பே வகை வரும். கூடவே அடிக்கடி கிருமித் தொற்றும் வளர்ச்சிக் குறைவும் வரும். அங்கே குழந்தையை வாட்டுவது எச் இல்லாமை அல்ல. வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஃபியூகோஸ் சர்க்கரைகளும் இல்லாமல் போவதுதான். எஃப்யூடி1 மட்டும் கெட்ட சாதாரண பாம்பே வகைக்காரருக்கு இந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது.

இனி பிளாஸ்மா. தன் அணுவில் எச்சையே காணாத உடல் அதை அந்நியமாகக் கொண்டு ஏ, பி இவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள்களான ஆன்டி-ஏ, ஆன்டி-பியோடு எச்சைத் தாக்கும் ஆன்டி-எச்சையும் உண்டாக்கி வைத்திருக்கும். ஏ1, ஏ1பி வகைக்காரர்கள் சிலரிடமும் எச்சுக்கு எதிரான ஒரு பொருள் கிடைக்கும். அது குளிரில் மட்டும் வேலை செய்யும், பெரும்பாலும் தீங்கில்லை. பாம்பே வகையின் ஆன்டி-எச் அப்படியல்ல. பெரும்பாலும் ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருள், உடல் வெப்பமான 37 டிகிரியிலேயே பிடிக்கும், அணுவைத் துளைத்து உடைக்கும் காம்ப்ளிமென்ட் புரத அமைப்பைக் கிளப்பிவிடும். ஓ ரத்தம் ஏற்றினால் அந்த அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே வெடிக்கும். வெளியான ஹீமோகுளோபின் சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்கும். சிறுநீரகம் செயலிழக்கும், உயிரும் போகலாம். அவசரத்தில், கொடையாளர் அணுவை நோயாளியின் பிளாஸ்மாவோடு கலந்து பார்க்கும் கிராஸ் மேட்ச் செய்யாமல் ‘ஓ நெகட்டிவ் போடு’ என்பது மற்றவர்களுக்கு உயிர் காக்கும் விதி. இவர்களுக்கு அதுவே ஆபத்து.

இந்த வகை தவறிப்போவது ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில்தான்: அணுவை ஆன்டி-ஏ, ஆன்டி-பியோடு கலந்து பார்க்கும் ஃபார்வர்டு குரூப்பிங் மட்டும் செய்து நிறுத்துவதில். ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டிலும் அணு திரளாது. அட்டையில் ஓ என்று எழுதிவிடுவார்கள். கண்ணாடிச் சில்லில் செய்யும் முகாம் சோதனைகளில் இது மிக எளிதாக நடக்கும். பிடிபடுவது, அவருடைய பிளாஸ்மாவை வகை தெரிந்த அணுக்களோடு கலந்து பார்க்கும் ரிவர்ஸ் குரூப்பிங்கில். அதிலும் ஏ, பி அணுக்களோடு ஓ அணுவையும் கட்டாயம் வைத்திருந்தால் மட்டுமே. ஓ குழாயை விட்டுவிட்டால் ஏவும் பியும் திரள்வது ஓ வகைக்குரிய விடையாகவே தோன்றும்.

செய்முறை இது. மூன்று குழாய்களில் இரண்டிரண்டு சொட்டு பிளாஸ்மா அல்லது சீரம் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிநீர்). ஒவ்வொன்றிலும் முறையே ஏ1, பி, ஓ அணுக்களின் 3 முதல் 5 சதவீதக் கலவை ஒரு சொட்டு. நான்காவது குழாயில் அவருடைய பிளாஸ்மாவும் அவருடைய அணுவும். இது ஆட்டோ கன்ட்ரோல். 1000 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம் சுழற்றி, மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். பாம்பே வகையில் முதல் மூன்றும் பலமாகத் திரளும், நான்காவது திரளாது. சீரத்தில் செய்தால் திரட்டுக்குப் பதில் மேல்நீர் சிவந்து அணு கரைந்திருக்கலாம். அதையும் பாசிட்டிவ் என்றே படிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் இந்தக் கரைதல் தெரியாது. காம்ப்ளிமென்ட்டுக்குத் தேவையான கால்சியத்தை இடிடிஏ பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஓ குழாய் திரண்டால் உடனே பாம்பே என்று எழுதிவிடவும் கூடாது. ஆட்டோ கன்ட்ரோலும் திரண்டால் அது குளிர் எதிர்ப்பொருளாக இருக்கக்கூடும். 37 டிகிரியில் திரும்பச் செய்ய வேண்டும். ஆட்டோ கன்ட்ரோல் சுத்தமாக இருந்தால், ஓ வகைக்காரர் முன்பு ஏற்றிக்கொண்ட ரத்தத்தால் வேறு ஏதாவது ஆன்டிஜெனுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். இத்தகைய எதிர்ப்பொருளைத் தேடப் பயன்படும் மூன்று ஸ்கிரீனிங் அணுக்களுமே ஓ வகை என்பதால் பாம்பே வகையில் அவை மூன்றும் ஒரே வலுவில் திரளும். அந்த ஒரே சீரான வலு பாம்பே பக்கம் கைகாட்டுகிறது.

உறுதி செய்வது ஆன்டி-எச் லெக்டின், அதாவது எச் சர்க்கரையைப் பிடிக்கும் தாவரப் புரதம். யூலெக்ஸ் யூரோபியஸ் என்ற மஞ்சள் பூ முட்புதரின் விதையிலிருந்து எடுப்பது. ஐரோப்பியப் புதர்தான், நீலகிரிப் புல்வெளிகளில் களையாகப் பரவி நிற்பதும் இதுவே. ஏ1 வகையைப் பிரித்தறியும் டோலிகஸ் லெக்டினுக்கு மூலமோ நம் வீட்டுக் கொள்ளு. யூலெக்ஸ் லெக்டினில் ஓ அணு கெட்டியாகத் திரளும், பாம்பே அணு திரளவே திரளாது. ஒவ்வொரு முறையும் ஓ அணுவையும் ஏ1 அணுவையும் கூடவே வைத்து ஓட்ட வேண்டும். லெக்டின் பழையதாகி வலுவிழந்திருந்தால் எல்லோருமே பாம்பே வகையாகத் தெரிவார்கள். ஓ கன்ட்ரோல் இல்லாமல் கொடுத்த ‘பாம்பே’ முடிவை நம்பக் கூடாது.

எச்சில் சோதனை பாம்பேயையும் பாரா பாம்பேயையும் பிரிக்கப் பெரிதும் உதவும். 2 அல்லது 3 மில்லி எச்சிலைக் கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சிலின் நொதிகள் எச் பொருளைச் சிதைத்துவிடும். சுழற்றி, மேல்நீரை நீர்த்த ஆன்டி-எச்சோடு கலந்து 10 நிமிடம் விட்டு, ஓ அணு சேர்க்க வேண்டும். திரண்டால் எச்சிலில் எச் இல்லை. திரளாவிட்டால் எச்சிலின் எச் எதிர்ப்பொருளை முன்பே பிடித்துக்கொண்டது என்று பொருள். பாரா பாம்பே வகைக்காரருக்கு எஃப்யூடி1 கெட்டிருந்தாலும் எஃப்யூடி2 வேலை செய்யும். சுரப்பிலிருந்து பிளாஸ்மாவுக்கு வரும் எச், ஏ, பி பொருள்கள் அணுவின் மேல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் சோதனையில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆன்டி-ஏ அல்லது ஆன்டி-பியை 4 டிகிரியில் அணுவோடு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, 56 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிப் பிரித்தெடுத்தால் ஒட்டியிருந்த எதிர்ப்பொருள் வெளியே வரும்; அணுவில் கொஞ்சம் ஏ அல்லது பி இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த வகையினரின் ஆன்டி-எச் பொதுவாக வலுக் குறைந்தது.

பச்சிளங்குழந்தைகளுக்கு ரிவர்ஸ் குரூப்பிங்கை நம்பிப் பயனில்லை. முதல் சில மாதங்களுக்கு அவர்களின் சொந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது. இருப்பது தாயிடமிருந்து வந்தது.

குடும்பங்களில் ஒரு வேதனை இதனால் நேர்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். தாய் அட்டையில் ஓ, தந்தை ஏ, குழந்தை ஏபி என்று வந்தால் சந்தேகம் கிளம்புகிறது. தாய் உண்மையில் பாம்பே வகையாக இருந்து, பி மரபணுவை வெளிக்காட்டாமல் சுமந்திருக்கலாம். தந்தையிடமிருந்து வந்த நல்ல எஃப்யூடி1 குழந்தையில் எச்சை உண்டாக்க, தாயின் பி அங்கே வெளிப்பட்டுவிடும். ஏபிஓ வகையை மட்டும் பார்த்து யாருடைய குழந்தை என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இப்போது ஆர்எச் நல். இங்கே ‘நல்’ என்பது வெறுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1961-ல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டது. உலகம் முழுவதும் பதிவானவர்கள் சில பத்துப் பேர்தான். ஆர்எச் நெகட்டிவ் என்று நாம் சொல்பவர்களிடம் இல்லாதது ஆர்எச்டி என்ற ஒரு புரதம் மட்டும். அவர்களிடம் அதன் இரட்டை போன்ற ஆர்எச்சிஇ இருப்பதால் முடிச்சு குலைவதில்லை. அணு நலமாக இருக்கிறது. ஆர்எச் நல்லில் இரண்டும் இல்லை. இது இரு வழியில் நேரும். ஆர்எச்டி அழிந்து ஆர்எச்சிஇயும் கெட்டிருப்பது ஒன்று. 6ஆம் குரோமோசோமிலுள்ள ஆர்எச்ஏஜி கெட்டிருப்பது மற்றொன்று. அந்தத் துணைப் புரதம் இல்லாமல் ஆர்எச் புரதங்கள் சவ்வை வந்து சேர முடியாது.

இவை போகும்போது தனியாகப் போவதில்லை. எல்டபிள்யூ என்ற சவ்வுப் புரதம் போகிறது. சிடி47, கிளைக்கோஃபோரின் பி என்ற வேறு இரு சவ்வுப் புரதங்களும் குறைகின்றன. முதல் வகை முடிச்சு தளர்கிறது. சோடியம், பொட்டாசியம் கசிவு கூடுகிறது. கண்ணாடியில் பரப்பிய ரத்தப் பூச்சில் வாய் திறந்தது போன்ற நீளப் பிளவுள்ள ஸ்டோமட்டோசைட்டுகள் தெரியும். நீர்த்த உப்புநீரில் இந்த அணுக்கள் மற்றவற்றுக்கு முன்பே வெடிக்கும். மண்ணீரல் இவற்றைச் சீக்கிரமே பிடித்துவிடும். விளைவு மிதமான நாட்பட்ட ரத்தச்சோகை, ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களின் உயர்வு, சிந்திய ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ஹேப்டோகுளோபின் புரதத்தின் குறைவு. ‘தங்க ரத்தம்’ என்று ஊடகங்கள் இதைப் புகழ்வது அந்த நோயாளிகளுக்கு நியாயமில்லை. அது மற்றவருக்குப் பயன்படுவது உண்மைதான், ஆனால் சுமப்பவரின் உடலுக்குள் குறுகிய ஆயுளோடு ஓடுகிற ரத்தம் அது.

அப்படியானால் புரதம் எது போனாலும் அணு கெடுமா? கெடாது. முடிச்சில் அதன் வேலை என்ன என்பதுதான் கேள்வி. கெல் புரதமே இல்லாத கெல் நல் அணு இயல்பான வடிவத்தில் இருக்கிறது. ஆனால் கெல்லோடு இரட்டைக் கந்தகப் பிணைப்பால் கட்டுண்ட எக்ஸ்கே இல்லாவிட்டால் மெக்லியோடு நிலை வருகிறது. சவ்வின் இரு அடுக்குகளுக்கும் இடையே கொழுப்பை மாற்றிவிடும் வேலையோடு தொடர்புடைய புரதம் எக்ஸ்கே. அது போனால் அணு முட்கள் கிளம்பிய அகாந்தோசைட் ஆகிறது. எக்ஸ்கே மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண்கள். நடுவயதில் தசை பலவீனம், தானாக அசையும் கைகால்கள், தசை நொதியான கிரியேட்டின் கைனேஸின் உயர்வு எல்லாம் வரும். கெல் ஆன்டிஜென்கள் வழக்கத்துக்கு மாறாக வலுவிழந்து, பூச்சில் முள்ளணுக்களும் தெரிந்தால், ரத்த வங்கி நரம்பியல் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மரபணுவும் அழிந்திருந்தால் கிருமித் தொற்று அடிக்கடி வரும் நாட்பட்ட கிரானுலோமா நோயும் சேரும். கிளைக்கோஃபோரின் சி இல்லாத லீச் வகையில் இரண்டாவது முடிச்சு தளர்ந்து அணு நீள்வட்டமாகிறது. பேண்ட் 3 அளவுக்கே நிறைந்த கிளைக்கோஃபோரின் ஏ இல்லாதவர்களின் அணுவோ வடிவம் மாறாமல் இருக்கிறது. வலையோடு அதற்கு நேரடிப் பிடிப்பு இல்லை.

கிட் நல் வகையைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையும் அழகும் கொண்டது. கிட் என்பது யூரியாவைக் கடத்தும் புரதம். 12 கிராம் யூரியாவைக் கரைத்து 100 மில்லியாக்கினால் 2 மோலார் கரைசல். சாதாரண அணுவை அதில் போட்டால் யூரியா வேகமாக உள்ளே பாயும், பின்னாலேயே நீரும் பாயும். ஓரிரு நிமிடத்தில் அணு வெடித்துக் கரைசல் தெளிந்த சிவப்பாகும். கிட் நல் அணுவில் யூரியாவுக்கு வழி இல்லை. அரை மணி நேரமானாலும் கலங்கலாகவே நிற்கும். பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களிடம் இந்த வகை மற்ற இடங்களைவிட அதிகம். இந்தச் சோதனை இருப்பதால் விலை கூடிய ஆன்டிசீரம் இல்லாமலே நூற்றுக்கணக்கான கொடையாளர்களைச் சலித்தெடுக்க முடிகிறது.

கடைசியாக, பாம்பே வகை என்று உறுதியானவர் செய்ய வேண்டியவை. அணு ஏற்ற வேண்டுமானால் பாம்பே வகை அணுவே வேண்டும். ஆர்எச்டி பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் பொருந்த வேண்டும். பிளாஸ்மாவில் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அவர் அணுவில் ஏ, பி, எச் எதுவும் இல்லாததால் எந்த வகைக் கொடையாளரின் ஆன்டி-ஏவும் ஆன்டி-பியும் அதைத் தாக்காது. கொடையாளரைத் தேடும்போது முதலில் உடன்பிறந்தவர்களைச் சோதிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் மறைமுகமாகச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் உறவுக்காரர்களையும் சோதிப்பது பலன் தரும். மும்பையிலுள்ள ஐசிஎம்ஆரின் தேசிய ரத்த நோய் எதிர்ப்பியல் நிறுவனம் அரிய கொடையாளர் பதிவேடு நடத்துகிறது. அதில் சேர்வது நல்லது.

முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் தன் ரத்தத்தையே எடுத்து வைக்கலாம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது, கடைசியாக எடுப்பதற்கும் அறுவைக்கும் இடையே 72 மணி நேரமாவது இருக்க வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை முன்பே தொடங்கியிருக்க வேண்டும். சிபிடிஏ-1 என்ற பாதுகாப்புக் கரைசல் உள்ள பையில் இது 35 நாள் தாங்கும். அதைவிட நீண்ட காலம் வேண்டுமானால் 40 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தால் 10 ஆண்டு வைத்துக்கொள்ளலாம். உறைவிக்கும்போது உள்ளே பனிப்படிகம் உருவானால் சவ்வு கிழியும். அதைத் தடுக்கவே கிளிசரால். உருக்கிய பின் அதை ஒரேயடியாக வெளியேற்றினால் நீர் உள்ளே பாய்ந்து அணு வெடிக்கும். ஆகவே 12 சதவீதம், 1.6 சதவீதம், பிறகு டெக்ஸ்ட்ரோஸ் கலந்த 0.9 சதவீதம் என்று உப்புநீரின் செறிவைப் படிப்படியாக இறக்கிக் கழுவுவார்கள். திறந்த முறையில் கழுவிய பை 24 மணி நேரத்துக்குள் ஏற்றப்பட வேண்டும். அதனால் அறுவையின் நேரம் உறுதியாகும் வரை பையை உருக்கச் சொல்லக் கூடாது. ‘பாம்பே வகை, ஓ ரத்தம் ஏற்றக் கூடாது’ என்று எழுதிய அட்டை பணப்பையில் ஒன்றும் கைபேசியின் பூட்டுத் திரையில் ஒன்றும் இருக்கட்டும்.